சீசாக்காவின் சத்து மாத்திரை

மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவளுக்கு வைத்திருந்த பெயர் சீசாக்கா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். "மாத்திரையை அது வந்த சீசாவுலயே வைங்க. வேற டப்பாவுக்கு மாத்தாதீங்க. உள்ள இருக்கற சின்ன வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஈரம் ஏறாம இருக்கத்தான் அது. லேபிளைக் கிழிக்காதீங்க. வீட்டுல வேற யாராவது எடுத்து முழுங்கிட்டு அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." இந்தப் பாட்டைப் பதினெட்டு வருடமாக ஒரு சொல் மாறாமல் பாடி வந்தாள். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு வக்கீல், "அம்மா, இது தண்ணி மருந்து, இதை நான் எந்த டப்பாவுக்கு மாத்தப் போறேன்?" என்று கேட்டுப் பார்த்தார். அவருக்கும் முழுப் பாட்டையும் பாடித்தான் அனுப்பினாள்.

அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சமையலறை அலமாரியில், சத்து மாத்திரை என்று லேபிள் ஒட்டிய சீசாவுக்குள் வேறு மருந்தைப் போட்டு வைத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வைத்திருந்தாள். குற்றத்தையும் முறைப்படி செய்கிறவள் என்பதால், அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலத்தையும் மறக்காமல் கூடவே மாற்றியிருந்தாள்.

உள்ளே இருந்தது மலச்சிக்கலுக்கான கேப்ஸ்யூல். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. தினம் ஒன்று, விடிந்ததும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால்.

அவளுக்கு இந்தத் தொந்தரவு இன்று நேற்று வந்ததில்லை. இருபத்தைந்து வருடம். சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். வெந்நீர் குடி என்றார்கள், குடித்தாள். பழம் சாப்பிடு என்றார்கள், குரங்கு தோற்றுப்போகும் அளவுக்குச் சாப்பிட்டாள். நட என்றார்கள், நடந்தாள். மருந்துக்கடையிலேயே வேலை பார்ப்பதால் சீட்டில்லாமல் விற்கிற பொடி, எண்ணெய், கஷாயம் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. கடைசியில் ஒரு வயிற்று டாக்டரம்மாதான் நிதானமாகச் சோதித்துப் பார்த்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, இந்தக் கேப்ஸ்யூலை எழுதிக் கொடுத்தார். கொடுத்த பத்தாவது நாள் அவள் குளியலறையிலிருந்து வெளியே வந்து, யாருமில்லாத அறையில் தனியாக நின்றுகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு விடுதலை.

அதை மறைப்பானேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு கதவு.

முதல் கல்யாணம் ஒன்பது வருடம் ஓடியது. அந்தப் புருஷன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், ஊரில் நல்ல பெயர். ஆனால் காலையில் அவள் உள்ளே போய் ஐந்து நிமிடம் தாண்டினால் போதும், கதவைப் படபடவென்று தட்டுவான். "உள்ள என்ன குடித்தனமா பண்றே?" என்று கத்துவான். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் அதே கத்தல்தான். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் உள்ளேயே நின்றுகொண்டிருப்பாள். வயிறு அப்படியே பூட்டிக்கொள்ளும். பிரிந்ததற்கு வேறு பல காரணங்கள் இருந்தன, அவை கோர்ட்டுக் காகிதத்தில் இருக்கின்றன. இந்தக் கதவு மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதன் பிறகு பதினோரு வருடம் தனி அறை, தனிக் குளியலறை என்று நிம்மதியாகக் கழித்தாள்.

அப்புறம் ஐம்பத்திரண்டாவது வயதில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு லிஃப்ட் மெக்கானிக் கடைக்குள் வந்தார்.

விரலில் அடிபட்டு வீங்கிய கையோடு முதல் தடவை வந்தார். மாத்திரை வாங்கினார், பாட்டைக் கேட்டார், போனார். பத்து நாள் கழித்துக் காலி சீசாவோடு திரும்பி வந்தார். உள்ளே அந்தச் சின்னப் பொட்டலம் பத்திரமாகக் கிடந்தது. லேபிளில் ஒரு கீறல் இல்லை. "மாத்திரை தீர்ந்து போச்சுங்க. இந்தப் பொட்டலத்தை இப்பவாவது தூக்கிப் போடலாமா?" என்று கேட்டார். கிண்டலா என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். கிண்டல் இல்லை. பதினெட்டு வருடத்தில் அவள் பாட்டைச் சொன்னது சொன்னபடி கேட்ட ஒரே மனுஷன் இவர்தான். வேறென்ன வேண்டும், கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவர் மனைவியை இழந்து ஆறு வருடமாகியிருந்தது. பேச்சில் சிக்கனக்காரர். நாலு பேரைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, காரியத்தை முடித்தார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கம்பெனியில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயராம். மோட்டார் ஓடுகிற சத்தத்தைத் தரைத்தளத்தில் நின்று கேட்டே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். வீட்டிலும் அதே கதைதான். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று தலையைத் தூக்கி, "கீழ் வீட்டுக் குழாய்ல வாஷர் போயிடுச்சு" என்பார். மறுநாள் பார்த்தால் கீழ் வீட்டுக்காரர் பிளம்பருக்கு அலைந்துகொண்டிருப்பார்.

அவருடைய வீடு மூன்றாவது மாடியில் இரண்டறை. குளியலறைக் கதவு நேராகச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திறக்கும். கட்டினவன் எந்த மூளையோடு கட்டினானோ, மேஜையில் உட்கார்ந்தால் உள்ளே சோப்பு வழுக்கினால்கூடக் கேட்கும். சாதாரணக் காதுக்கே அப்படியென்றால் பாம்புச்செவிக்குக் கேட்கவா வேண்டும்! சீசாக்காவுக்கு அடிவயிறு கலங்கியது. கலங்கினால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கலக்கம் வேறு.

முதல் மாதம் எப்படியோ ஓடியது. அவர் ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுவார். அவள் கடைக்கு ஒன்பதரைக்குப் போனால் போதும். நடுவில் வீடு அவளுடையது. இரண்டாவது மாதம் அவரை ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஒன்பது மணிக்குப் போனால் போதும் என்று சந்தோஷமாக வந்து சொன்னார். "இனிமே காலைல உன்கூட இருக்கலாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் அவள். முகம் பேயறைந்தது போல் ஆனதை, நல்லவேளை, காதால் கேட்க முடியாது.

அந்த வாரம்தான் அவர் அலமாரியில் இருந்த சீசாவைப் பார்த்துவிட்டு, "இது என்ன மாத்திரை, தினம் போடறியே?" என்று கேட்டார்.

"சத்து மாத்திரை," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் செய்கிற தப்பையே அவளும் செய்தாள், ஒரு சொல்லுக்கு மூன்று சொல் சேர்த்தாள். "அம்பது தாண்டினா எல்லாரும் போட்டுக்கணும். வெறும் வயித்துல, தினம் ஒண்ணு. உடம்புக்கு ரொம்ப நல்லது."

அவர் "அப்படியா" என்று தலையாட்டினார். அவள் அதை மறந்தும் போனாள்.

மறுநாளிலிருந்து வயிறு வேலைநிறுத்தம் தொடங்கியது. புதுச் சீசா உடைத்து, முப்பது கேப்ஸ்யூலையும் பொய் லேபிளுக்குள் கொட்டி, விடியற்காலை ஐந்தரைக்கு ஒன்று போட்டுக்கொள்வாள். ஏழு மணி வாக்கில் வயிறு லேசாக முனகும். எழுந்து போய்த் தாழ்ப்பாள் போடுவாள். வெளியே நாற்காலி நகரும், ஸ்பூன் டம்ளரில் தட்டும். அவ்வளவுதான், எல்லாம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பழைய படபடப்பு எந்த நிமிடமும் கதவில் விழும் என்று தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நிற்கும். இவர் அவன் இல்லை என்று புத்திக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது? குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். மாத்திரையும் கைவிட்டுவிட்டது என்று நினைத்தாள்.

இதற்கிடையில் அவர் நடவடிக்கையும் மாறியது. நாலாவது நாளிலிருந்து, ஒன்பது மணிக்கு வேலை என்ற மனுஷன் ஏழுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். அவள் குளியலறைப் பக்கம் திரும்பினால் போதும், சாவியைத் தேடுவார். "இன்னும் நேரமிருக்கே?" என்று கேட்டால் "கொஞ்சம் வேலையிருக்கு" என்பார். கண்ணைப் பார்க்க மாட்டார். சாயங்காலம் சாப்பாட்டை ஆஹா ஓஹோ என்று புகழ்வார், ஆனால் தட்டில் பாதி அப்படியே இருக்கும். கன்னம் ஒட்டிப்போனது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

சீசாக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். அந்தக் காதுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அருவருத்துப் போய்விட்டார். சொல்ல வாயில்லாமல், முகம் சுளிக்க மனமில்லாமல், விடிந்ததும் விடியாததுமாக வீட்டை விட்டு ஓடுகிறார். இந்த வயதில் ஆசைப்பட்டது தப்பு. வீடு இப்போது காலைகளில் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் வயிறு இளகவில்லை. ஆள் போய்விட்டார், போன காரணம் அவளோடு உட்கார்ந்திருந்தது.

போதாததற்கு மறதி வேறு வந்துவிட்டதோ என்று பயம். ஒன்பதாம் நாள் காலையில் சீசா லேசாக இருக்கிறதே என்று கவிழ்த்து எண்ணினாள். இருபத்தொன்று இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது. மருந்துக்கடைக்காரிக்கு எண்ணிக்கை தப்புமா? போட்டதையே மறந்து இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருக்கிறேனா என்று மறுபடியும் எண்ணினாள். யாரிடம் கேட்பது? பொய் லேபிள் ஒட்டியவள் வாய் திறக்க முடியுமா?

பதினோராம் நாள், முற்பகல் பதினொரு மணி இருக்கும். அவருடன் வேலை பார்க்கிற கூட்டாளி கடை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது ஆள், வாய் ஓயாது என்பதால் கம்பெனியில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணி, வயித்தால போறதை நிறுத்த ஒரு மாத்திரை குடுங்க. எனக்கு இல்லை. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்குன்னு தெரியாம நான் எதுவும் தர மாட்டேன். வயசு என்ன?"

"அம்பத்தாறு."

"எத்தனை நாளா?"

"ஒரு பத்து நாளா."

"என்ன வேலை பார்க்கறவர்?"

"என்கூடத்தான் லிஃப்ட்டுல..." என்ற ரேடியோ அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அண்ணி, நான் எதுவும் சொல்லலை."

அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் ரேடியோ எல்லாவற்றையும் சொன்னார். "பாவம் அண்ணி, காலைல கட்டடத்துக்குள்ள நுழையறதே ஓட்டமும் நடையுமாத்தான். ஒரு மணி நேரத்துல மூணு தடவை, நாலு தடவை. உங்க கைச்சமையல் ஒத்துக்கலைன்னு நினைக்கிறார். வெளில சொல்ல மாட்டேங்கறார். 'அது ஆசையாப் பண்ணிப் போடுது, அதுகிட்டப் போய் எப்படிடா சொல்றது'ங்கறார். இன்னைக்கு ஆள் சுத்தமா வாடிட்டார். அதான் நானா கிளம்பி வந்தேன்."

அவளுக்கு ஏதோ ஒன்று பொறி தட்டியது. "காலைல வீட்டுல ஒண்ணும் சாப்பிடாமதானே வர்றார்? வேற என்ன எடுத்துக்கறார்?"

"ஒண்ணும் இல்லை. உங்க வீட்டுச் சத்து மாத்திரை மட்டும்தான். நீங்க பால் வாங்கக் கீழே போறப்போ கரெக்டா ஒண்ணு போட்டுக்குவாராம். அது இருக்கறதாலதான் நிக்கவே முடியுதுன்னு சொல்றார். நேத்துலேருந்து தெம்பு பத்தலைன்னு ரெண்டாப் போடறார்."

சீசாக்கா விரல்விட்டு எண்ணினாள். இருபத்தொன்றில் குறைந்த எட்டுக் கேப்ஸ்யூலும் எங்கே போயின என்று கணக்கு நேரானது. பதினெட்டு வருடம் ஊருக்கெல்லாம் பாடிய பாட்டு அவள் காதிலேயே வந்து விழுந்தது. வீட்டுல வேற யாராவது எடுத்து முழுங்கிட்டா.

"இப்போ எங்க இருக்கார்?"

"மேல மோட்டார் அறைல. லிஃப்ட்டை நிறுத்திட்டுத்தான் வேலை."

பன்னிரண்டு மாடிக்கு மேலே, உடம்பில் நீர்ச்சத்தே இல்லாத மனுஷன், கால் நடுங்க, ஆளுயர மோட்டாருக்குப் பக்கத்தில். தலை சுற்றினால்? அவள் உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலங்களை அள்ளினாள், ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், முதலாளியிடம் "போயிட்டு வரேன்" என்றாள். வேலை நேரத்தில் அவள் கடையை விட்டு இறங்கியதே இல்லை. முதலாளி என்ன ஏது என்று கேட்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

கட்டடம் மூன்று தெரு தள்ளி. லிஃப்ட் கதவில் பழுது என்று பலகை தொங்கியது. ரேடியோ மூட்டுவலி என்று சொல்லிக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். அவள் படியேறினாள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. நாலாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் மறுபடி ஏறினாள். ஒரு சின்னப் பொய், ஒரு லேபிள், அதுவும் எதற்காக, வெட்கத்துக்காக. அவர் நல்லா இருந்தா போதும், அருவருத்தா அருவருக்கட்டும், என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்காம போகட்டும் என்று வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

ஆறாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து காலடிச் சத்தம் இறங்கி வந்தது. அவர்தான். கையில் கிரீஸ், முகம் வெளுத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்தார்.

"என்ன ஆச்சு? எதுக்கு ஓடி வர்றே?"

"நான் வர்றது எப்படித் தெரியும்?"

"நீ மாடிப்படி ஏறினா இடது செருப்பு ஒரு தரம் உரசும். வீட்டுல தினம் கேக்கறதுதானே. நீ நாலாவது மாடில இருக்கறப்பவே தெரிஞ்சு போச்சு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பொடியைத் தண்ணீரில் கலக்கி, குலுக்கி, "குடிங்க" என்றாள். சொன்னதைக் கேட்கிற மனுஷன், ஏன் எதற்கு என்று கேட்காமல் குடித்தார். வயிற்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இருக்கிற வெட்கத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, அவர் முன்னாலேயே, மருந்தின் பெயரைச் சொல்லி, எத்தனை நாள், நேற்று எத்தனை, இன்று எத்தனை என்று சொன்னாள். உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. நிறைய நீராகாரம், வேலைக்கு விடுப்பு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அதற்குள் தலைசுற்றல் அதிகமானால் உடனே. அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

போனை வைத்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அது சத்து மாத்திரை இல்லையா?"

"இல்லைங்க. எனக்கு மலச்சிக்கல். இருபத்தஞ்சு வருஷமா. அதுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு, லேபிளை மாத்தி வெச்சேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே பண்ணிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

அவர் பாட்டிலை மூடிப் படியில் வைத்தார். அப்புறம் ஒரு பெரிய மூச்சு விட்டார். "அப்போ உன் சமையல் மேல தப்பு இல்லை?"

"இல்லை."

"அப்பாடா! ஆயுசுக்கும் இதைத்தான் சாப்பிட்டாகணுமேன்னு நான் பட்ட கவலை எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்புறம் அவளே கேட்டாள். கேட்காமல் இந்தப் படியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று இருந்தது. "உங்களுக்குத்தான் எல்லாம் கேக்குமே. நான் உள்ள இருக்கறது... அது பிடிக்காமத்தானே ஏழு மணிக்கே ஓடறீங்க?"

அவர் புரியாமல் பார்த்தார். "எனக்கு எந்த நிமிஷம் வரும்னு தெரியலை. வீட்டுல இருக்கறது ஒரே ஒரு குளியலறை. நீ உள்ள போனா கொஞ்ச நேரம் ஆகுது. அவசரம்னு நான் வந்து உன் கதவைத் தட்டணுமா? மனுஷன் நிம்மதியா இருக்கறதே அந்த ஒரு இடத்துலதான். தட்டக் கூடாதுன்னுதான் முன்னாடியே கிளம்பிடுவேன். கட்டடத்துல மாடிக்கு ரெண்டு இருக்கு."

அந்தப் பழைய கதவைப் பற்றி அவள் இவரிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஒன்பது வருடம் படபடவென்று தட்டியவனைப் பற்றி இவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டடம் வரைக்கும் ஓடியிருக்கிறார், ஒரு கதவைத் தட்டாமல் இருப்பதற்காக. அவள் கிரீஸ் படிந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இதோ, இதான் கேட்டுது," என்றார் அவர் தயங்கித் தயங்கி. "நான் வீட்டுல இருந்த அந்த மூணு நாளும் குழாயைத் திறந்துவிட்டு அழுதே. அது மட்டும்தான் எனக்குக் கேட்டுது. கிழவனைக் கட்டிக்கிட்டோமேன்னு அழறியோன்னு நினைச்சேன். அதான் அந்த மாத்திரையையும் விடாம போட்டேன், கொஞ்சம் தெம்பா தெரிவோமேன்னு."

"ஐயோ," என்றாள் அவள். "ஐயோ, என்னங்க நீங்க."

அதன் பிறகு, அந்த ஆறாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தபடியே, கதவைப் பற்றி முழுவதும் சொன்னாள். கடைசியில் அவர் ஒன்று மட்டும் சொன்னார். "முப்பது வருஷமா லிஃப்ட்டுக்கு நடுவுல நிக்கறேன். சத்தம் வந்தா எனக்குக் கவலையே கிடையாது, ஓடுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம நின்னாத்தான் வயித்தைக் கலக்கும்." சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது, "இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்" என்று மீதித் தண்ணீரையும் குடித்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயமில்லை, நாலு நாளில் தேறிவிடுவார் என்றார். தேறினார். அந்த நாலு நாளும் அவள் கடைக்கு லீவு போட்டாள். கஞ்சித் தண்ணீரும் பொடித் தண்ணீருமாக மாறி மாறிக் கொடுத்தாள். துணி அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்த அசல் சீசாவை வெளியே எடுத்து, மீதியிருந்த கேப்ஸ்யூலைத் திருப்பிப் போட்டாள். லேபிள் தெரிகிற மாதிரி சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை மேலிருந்து கீழ் வரை வாய்விட்டுப் படித்தார்.

"பொட்டலம்?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்கு."

"தூக்கிப் போட்டுடாதே. ஈரம் ஏறாம இருக்கத்தான் அது," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்தத் தடவை கிண்டல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருக்கும் விடுமுறை. அவள் மாத்திரையை அவர் பார்க்கவே போட்டுக்கொண்டாள். ஏழு மணி வாக்கில் வயிறு முனகியது. எழுந்து போனாள், தாழ்ப்பாள் போட்டாள், உட்கார்ந்தாள். வெளியே நாற்காலி பின்னால் நகர்ந்தது. காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. அவள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தோள் இரண்டும் மேலே ஏறின. சத்தம் கதவருகில் நின்றது.

தட்டவில்லை.

"இங்க பாரு," என்றார் அவர் தணிந்த குரலில். "நான் வெளில ஒரு நடை போயிட்டு வரட்டுமா, இல்லை இங்கயே இருக்கட்டுமா? எது உனக்குச் சுலபமோ சொல்லு."

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவளிடம் இதுவரை எவரும் எதையும் கேட்டதில்லை, எப்போது வெளியே வருவாய் என்பதைத் தவிர.

"இருங்க," என்றாள். பிறகு, "கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

காலடிச் சத்தம் மேஜைக்குத் திரும்பியது. நாற்காலி இழுபட்டது, செய்தித்தாள் விரிந்தது, ஸ்பூன் டம்ளரில் இரண்டு தரம் தட்டியது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் தாமாகக் கீழே இறங்கின.